மலையில் கயிறு பிடித்தவள்

அண்ணி,

மேசை மேல் ஒரு பிளாஸ்டிக் பையில் ஒரு கைப்பிடி மண் இருக்கிறது. பையின் வாயைப் பிரித்தால் எனக்குக் கரி வாடை அடிக்கிறது. கொண்டுவந்து கொடுத்த பெண்ணும் மோந்து பார்த்தாள், வெறும் மண் வாடைதான் என்றாள். அவள் படித்தவள், அவள் சொல்வது சரியாகத்தான் இருக்கும். ஆனாலும் காலையிலிருந்து மூன்று தடவை பிரித்து மோந்துவிட்டேன். நாம் காட்டை வெட்டி, காயப்போட்டு, நெருப்பு வைத்தோமே, அந்த மலைப் பள்ளத்தாக்கின் மண் இது.

திரேசா இரண்டு மணி ரயிலில் வருகிறாள். நேற்று நான்தான் ஃபோன் போட்டு வரச் சொன்னேன். "ஒடம்பு கிடம்பு சரியில்லையா அத்தை?" என்றாள். இல்லை, ஒரு விஷயம் சொல்லணும் என்றேன். "ஃபோன்லயே சொல்லுங்களேன். உலு திராம்ல இருந்து பாலோ வந்து போறதுன்னா ஒரு நாள் ஓடிரும் லா." ஃபோனில் சொல்கிற விஷயம் இல்லை என்று சொல்லிவிட்டு வைத்தேன். வீட்டை இரண்டு தடவை கூட்டிவிட்டேன். கழுவின கோப்பைகளையே மறுபடி கழுவினேன். மணி இன்னும் பத்துகூட ஆகவில்லை.

சொல்ல வேண்டியது என்னவோ சின்ன வாக்கியம்தான். அண்ணனை ஜப்பான்காரன் பிடித்துக்கொண்டு போனதற்கு உங்கள் அடுப்புப் புகை காரணம் இல்லை, நான் காரணம். உங்கள் மகளிடம் இதைச் சொல்ல வேண்டும். அதற்கு முன்னால் உங்களிடம் சொல்லிப் பார்க்கலாம் என்று உட்கார்ந்திருக்கிறேன். நீங்கள் போய் நாலு வருஷம் ஆன பிறகு எழுதுகிறேன். என் துணிச்சல் அவ்வளவுதான் என்பது உங்களுக்குத் தெரியாததா?

ஜப்பான்காரன் வந்த முதல் வருஷமே அப்பா காய்ச்சலில் போய்விட்டார். அப்பாவுக்குத் தோட்டத்தில் கயிறு பிடிக்கிற வேலை. புதுக்காடு வெட்டி கித்தா, ரப்பர்க் கன்று நடும்போது, முடிச்சுப் போட்ட நீளக் கயிற்றை இழுத்துப் பிடித்து, முடிச்சுக்கு முடிச்சு கம்பு ஊன்றிக்கொண்டே போவார். கம்பு நின்ற இடத்தில் கன்று வரும். ஒரு கம்பு ஒரு விரல் விலகியிருந்தாலும் பிடுங்கி மறுபடி ஊன்றுவார். மறுமுனை பெரும்பாலும் என் கையில்தான் இருக்கும். எங்கள் தோட்டத்தில் எந்த நிரையின் தலைமாட்டில் நின்று பார்த்தாலும் கடைசி மரம் வரைக்கும் ஒரே கோடாகத் தெரியும். துரை ஒரு தடவை ஒற்றைக் கண்ணை மூடிப் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் போய்விட்டார். அதையே பெரிய பாராட்டாக எடுத்துக்கொண்டு அப்பா ஒரு வாரம் மிதந்துகொண்டிருந்தார்.

அப்பா போன பிறகு நான் பேசுவதை நிறுத்திவிட்டேன். பதினேழு வயது. சாப்பிடச் சொன்னால் சாப்பிட்டேன், படுக்கச் சொன்னால் படுத்தேன். அம்மாவுக்கு என்னைப் பார்க்கவே பயமாக இருந்ததாகப் பின்னால் சொன்னார். நீங்கள் அப்போது கல்யாணமாகி வந்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை. லாயாங் லாயாங் ஊரில், சர்ச்சுக்குப் போகிற வேதக்காரக் குடும்பம். அண்ணன் பிடிவாதம் பிடித்துக் கட்டிக்கொண்டு வந்தார், அதனால் அம்மாவுக்கு உங்கள் மேல் ஒரு முறைப்பு இருந்துகொண்டே இருந்தது. அந்த அம்மாவே ஒரு விஷயத்தில் மட்டும் உங்களை ஒப்புக்கொள்வார். "இவளுக்குப் பொய் சொல்லத் தெரியாது. சொன்னா மூஞ்சியிலயே தெரிஞ்சிடும்" என்பார். நானும் அதை அப்படியே நம்பினேன்.

பக்கத்துத் தோட்டத்துக்கு லாரி வந்து, பெயர் எழுதிவைத்து, சயாமுக்கு ரயில் பாதை போட ஆம்பளைகளை ஏற்றிக்கொண்டு போன அன்று சாயங்காலமே நீங்கள் முடிவு செய்துவிட்டீர்கள். அடுத்தது நம் தோட்டம். அம்மா தோட்டத்து லயத்து வீட்டிலேயே இருப்பது, கேட்கிறவர்களிடம் நாம் மூவரும் உங்கள் தாய்வீட்டுக்குப் போயிருப்பதாகச் சொல்வது என்று பேச்சு. கித்தாக்காடு முடிந்து, பெரிய காட்டுக்குள் ஏறி, ஒரு முழு நாள் நடந்து அந்தப் பள்ளத்தாக்குக்குப் போனோம். இரண்டு பக்கமும் மலை, நடுவில் ஓடை. நாலு டுரியான் மரங்கள் ஒன்றாக நின்றன. டுரியான் இப்படி நின்றால் முன்னால் இங்கே யாரோ குடியிருந்திருக்கிறார்கள் என்றார் அண்ணன். இருந்தவர்கள் ஏன் போனார்கள் என்று யாரும் சொல்லவில்லை, நான் கேட்கவும் இல்லை.

மேலே, பாறைக்கு அடியில் அண்ணனுக்கு ஒரு குடிசை. பகலில் அவர் இறங்கக் கூடாது. கீழே ஓடைப்பக்கம் நம் இருவருக்கும் இன்னொன்று. சரிவில் சின்ன மரங்களை வெட்டி நெருப்பு வைத்து, சாம்பல் ஆறிய மறுநாள், நீங்கள் உங்கள் துணிமூட்டையைப் பிரித்தீர்கள். உள்ளே அப்பாவின் கயிறு. அம்மாவிடம் கேட்டு வாங்கி வந்திருக்கிறீர்கள். என் கையில் அதை வைத்து, "வா பாப்பா, மரவள்ளி நடணும். எனக்கு இதெல்லாம் தெரியாது, நீதான் புடிக்கணும்" என்றீர்கள். நான் முடிச்சுகளை ஒவ்வொன்றாகத் தடவிப் பார்த்தேன். பிறகு, அப்பா போய்ப் பல மாதத்துக்கு அப்புறம், முதல் தடவையாக வாய் திறந்தேன். "அந்தப் பக்கம் போய் நில்லுங்க அண்ணி."

அதற்குப் பிறகு என்னைப் பிடிக்க முடியவில்லை. கம்பைக் கறையான் அரித்துவிடும் என்று ஒவ்வொரு நிரையின் இரண்டு முனையிலும் ஓடையிலிருந்து கல் தூக்கி வந்து நட்டேன். கல்லுக்குக் கல் கயிறு இழுத்து, முடிச்சுக்கு முடிச்சு மேடு போட்டு, மேட்டுக்கு ஒரு மரவள்ளிக் குச்சி. மலைச்சரிவில் அப்படி நேராக நடுவது லேசான வேலை இல்லை. சோறு இல்லை, உப்பு இல்லை, கட்டியிருந்தது சாக்குத் துணி. ஆனால் என் நிரைகளைப் பார்த்தால் எந்தத் தோட்டத்துக் கங்காணியும் வாயடைத்துப் போயிருப்பான். காட்டில் ஒளிந்து வாழ வந்தவள் காட்டுக்கு நடுவில் ஒரு தோட்டத்தைப் போட்டு வைத்தேன். மலாய்க்காரரோ சீனரோ செய்யாத கோமாளித்தனம் இது. பிறந்ததிலிருந்து நிரையைத் தவிர வேறு எதையும் பார்க்காதவர்களுக்குத்தான் இது தோன்றும்.

ஒரு நாள் அந்தப் பூர்வகுடி மனிதர் வந்தாரே, நினைவிருக்கிறதா? தோளில் கூடையோடு ஓடையைத் தாண்டி வந்தவர், நம்மைக் கண்டு பயப்படவும் இல்லை, சிரிக்கவும் இல்லை. மலாயில் உங்களிடம் ஏதோ கேட்டார். பிறகு என் நிரைகளைக் காட்டினார். காட்டிய விரலை அப்படியே தூக்கி வானத்தைக் காட்டினார். மழை வரும் என்கிறார் என்று நான் நினைத்துக்கொண்டு, ஊன்ற மீதமிருந்த குச்சிகளை அவசரமாக ஊன்றப் போய்விட்டேன். நீங்கள் மட்டும் அண்ணாந்து பார்த்துக்கொண்டே வெகுநேரம் நின்றீர்கள். அந்தப் பக்கமாகக் குளுவாங் விமானத் திடலுக்குப் போகிற ஜப்பான் விமானங்கள் அடிக்கடி பறக்கும். சத்தம் கேட்டால் நாம் மரத்தடிக்கு ஓடிவிடுவோம். நாம் ஒளிந்தோம். நிரைகள் எங்கே ஓடும்?

அன்று சாயங்காலம் நீங்கள் மெதுவாக ஆரம்பித்தீர்கள். "பாப்பா, இவ்வளவு நேரா வேணுமா? கெழங்குதான, கோணலா ஊனினாலும் வெளையும்." நான் கையிலிருந்ததைக் கீழே போட்டேன். "அப்பா பாத்தா திட்டுவாரு" என்று சொல்லிவிட்டு அழுதேன். அப்பா செத்ததற்கு அழாதவள் அன்றைக்குத்தான் அழுதேன். நிறுத்த முடியவில்லை. நீங்கள் என் தலையைப் பிடித்து உங்கள் தோளில் சாய்த்துக்கொண்டு, "சரி சரி, நேராவே இருக்கட்டும்" என்றீர்கள். அதோடு அந்தப் பேச்சு முடிந்தது.

அந்த வாரத்திலிருந்துதான் பன்றி வர ஆரம்பித்தது. விடிந்து போய்ப் பார்த்தால் கீழ்ச்சரிவில் நாலைந்து நிரை கலைந்து கிடக்கும். "பன்னி வந்துச்சு பாப்பா. அது தள்ளின எடத்துலயே குச்சிய ஊனி வச்சிட்டேன். விடு, வேர் புடிச்சிக்கும்" என்பீர்கள். எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வரும். பன்றிக்குத்தான் ஒழுங்கு தெரியாது, அண்ணிக்குமா தெரியாது என்று முணுமுணுத்துக்கொண்டே எல்லாவற்றையும் பிடுங்கி, கல்லுக்குக் கல் கயிறு இழுத்து, மறுபடி நேராக நடுவேன். பத்து நாளில் மறுபடி பன்றி. மறுபடி நான். பழைய குழிகள் மூடிக் கிடப்பதைப் பார்த்தேன். மழையில் மண் சரிந்திருக்கும் என்று நானே காரணம் சொல்லிக்கொண்டேன். ஆறு தடவை இப்படி நடந்தது. இடம் மாற்றி இடம் மாற்றி நட்டதில் கிழங்கு விரல் மொத்தம்தான் பிடித்தது. நாம் மூன்று பேரும் பசியில் சுருண்டு கிடந்தோம். அப்போதும் நீங்கள் என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை.

ஏழாவது தடவைக்கு நேரம் வரவில்லை. அண்ணனுக்குக் குளிர்காய்ச்சல் வந்து மூன்றாம் நாள், பச்சைத் தண்ணீர்கூட உள்ளே நிற்கவில்லை. பகலில் அடுப்பு மூட்டக் கூடாது என்பது நம் சட்டம். நீங்கள் அதை மீறி மேல் குடிசையில் அடுப்பு மூட்டி மரவள்ளிக் கஞ்சி வைத்தீர்கள். உங்கள் வயிற்றில் திரேசா ஐந்து மாதம். நான் கீழே நிரையில் களை பிடுங்கிக்கொண்டிருந்தேன். நிமிர்ந்தபோது நாலு சிப்பாய்கள் என் கற்களுக்குப் பக்கத்தில் நின்றார்கள். கூட தொப்பி போட்ட தமிழர் ஒருவர், அவர்களுக்காகப் பேசுகிற ஆள்.

அந்த ஆள் நிரையின் தலைமாட்டில் நின்று, ஒற்றைக் கண்ணை மூடிப் பார்த்தார். "நீதான் கயிறு புடிச்சியா? நல்லா புடிச்சிருக்க பொண்ணு. ஏரோப்ளேன்ல போனவன் இதப் பாத்துட்டுத்தான் சொன்னான், காட்டுக்குள்ள யாரோ தோட்டம் போட்டிருக்காங்கன்னு. நேத்து காலையில இருந்து நடந்து வர்றோம்" என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, "ஆம்பள எங்க?" என்றார். சிப்பாய்கள் ஏற்கெனவே மேலே ஏறிக்கொண்டிருந்தார்கள்.

நேற்று காலையிலிருந்து என்றார், அண்ணி. நீங்கள் அடுப்பு மூட்டியது அன்றைக்கு. அவர்கள் புறப்பட்டபோது உங்கள் அடுப்பில் சாம்பல்கூட இல்லை. இதைக் கேட்டவள் நான் ஒருத்திதான்.

காய்ச்சலோடு அண்ணனை நடத்திக்கொண்டு போனார்கள். நம்மைத் தோட்டத்துக்குத் திரும்பச் சொல்லிவிட்டார்கள். அண்ணன் சயாமுக்குப் போனவர் போனவர்தான். அன்று அவர்கள் கண்ணை விட்டு மறைந்ததும் நீங்கள் சரிவிலேயே உட்கார்ந்து, "எப்படி வந்தானுங்க?" என்று கேட்டீர்கள். "தெரியல" என்றேன். நீங்கள் என் முகத்தைப் பார்த்தீர்கள், நிரைகளைப் பார்த்தீர்கள், பிறகு, "பொகைதான். நான்தான் பகல்ல அடுப்பு பத்த வச்சேன்" என்றீர்கள். அண்ணி, அந்த நேரத்தில் எனக்கு மூச்சு வந்தது. உங்கள் தலையில் விழுந்ததும் என் தலை லேசானது. உண்மை அதுதான்.

அம்மாவிடமும் அதையே சொன்னீர்கள். அம்மா வழியாக லயம் முழுக்கத் தெரிந்தது. புருஷனைப் புகை போட்டுக் காட்டிக்கொடுத்தவள் என்று காலையில் ஆள் கணக்கெடுக்கிற பெரட்டுக் களத்தில் உங்கள் காதுபடவே பேசினார்கள். திரேசா அதைக் கேட்டுத்தான் வளர்ந்தாள். அவளுக்குப் பன்னிரண்டு வயதில், பள்ளிக்கூடத்தில் ஏதோ தாளில் அப்பா கையெழுத்துக் கேட்டார்கள் என்று வந்து நின்றாள். நீங்கள் கையெழுத்துப் போட எழுந்தீர்கள். "நீங்க அடுப்பு பத்த வைக்காம இருந்திருந்தா அப்பாவே போட்டிருப்பாரு" என்றாள். நீங்கள், "ஆமா" என்றீர்கள், அவ்வளவுதான். நான் பக்கத்தில் தேங்காய் துருவிக்கொண்டிருந்தேன். மூடி வெறும் ஓடாகிற வரைக்கும் துருவிக்கொண்டே இருந்தேன்.

பதினெட்டு வயதில் அவள் சிங்கப்பூருக்கு வேலைக்குப் போனாள். கல்யாணமாகி உலு திராமுக்கு வந்த பிறகும் வருஷத்துக்கு ஒரு தடவை, அதுவும் விருந்தாளி மாதிரி வருவாள். உங்களை ஆஸ்பத்திரியில் சேர்த்தபோது சொல்லிவிட வேண்டும் என்று நான் கிளம்பி வந்தேன். பஸ்ஸில் வந்த வழி முழுக்க வாக்கியம் தயாராக இருந்தது. உங்கள் கட்டில் பக்கத்தில் உட்கார்ந்ததும், வெளியே என்ன வெயில் என்று ஆரம்பித்துவிட்டேன். பேசிக்கொண்டே உங்கள் போர்வையை இழுத்து இழுத்து ஓரத்தைச் சரி செய்தேன் போலிருக்கிறது. "விடு பாப்பா, கோணலாவே கெடக்கட்டும்" என்றீர்கள். நோயாளி சலித்துக்கொள்கிறாள் என்று நினைத்தேன். மூன்று நாளில் நீங்கள் போய்விட்டீர்கள். அடக்கத்தில் திரேசா ஒரு ஓரமாக நின்றாள், பக்கத்து வீட்டுக்காரர்கள் அழுத அளவுகூட அழவில்லை.

இதெல்லாம் இப்படியே என்னோடு முடிந்திருக்கும். போன மாதம் ரேவதி வந்தாள். பல்கலைக்கழகத்தில் பழைய காலத்து நிலங்களை ஆராய்கிற கூட்டத்தில் ஒருத்தி. அந்தப் பள்ளத்தாக்கில் கற்கள் வரிசை வரிசையாக நிற்கின்றனவாம், நடுவில் மேடுகளாம், டுரியானை வைத்துப் பார்த்தால் பழைய குடியிருப்பாம். கூட வந்த ஒருவர், ராஜாக்கள் காலத்துச் சமாதியாக இருக்கலாம் என்றாராம். யுத்த காலத்தில் அந்த மலைக்குப் போய் ஒளிந்தவர்கள் யாராவது இருக்கிறார்களா என்று பாலோ கடைத்தெருவில் விசாரித்து என் வாசலுக்கு வந்துவிட்டாள். எனக்கு ஒன்றும் தெரியாது என்று கதவைச் சாத்தினேன். இரண்டு நாள் தூங்கவில்லை. என் கற்களுக்கு யாரோ பூசை போட்டுவிடுவார்களோ என்றுகூடப் பயந்தேன். மறுபடி வந்தபோது, "ராஜாவும் இல்ல, சமாதியும் இல்ல. அது மரவள்ளிக் கொல்லை. கல்லு நான் நட்டது" என்று சொன்னேன். "அலமாக்" என்று அவள் தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

மூன்றாம் தடவை, முந்தாநாள், கட்டம் போட்ட பெரிய தாளில் பள்ளத்தாக்கை வரைந்து எடுத்துக்கொண்டு வந்தாள். இந்த மண்ணையும் கொண்டுவந்தாள். தாளை விரித்து, "மேல பாதி பாருங்க பாட்டி, கல்லுக்குக் கல்லு நேரா வருது. கீழ பாதிதான் புரியல, ஒரே கொழப்பமா இருக்கு" என்றாள்.

"பன்னிம்மா. திரும்பத் திரும்ப வந்துச்சு" என்றேன்.

அவள் யோசித்தாள். "பன்னி மூக்கால கிண்டும், மண்ண நாலா பக்கமும் எறிஞ்சிட்டுப் போயிடும். இங்க மம்பட்டியால வெட்டியிருக்கு பாட்டி. வெட்டின குழியில மேல இருந்த கரி மண்ணப் போட்டு மூடி, மிதிச்சு கெட்டியாக்கியிருக்கு. அப்புறம் அதே எடத்துல மறுபடி வெட்டு, மறுபடி மூடி. பன்னி குழிய மூடிட்டுப் போகாது."

அவள் தாளில் மேலே ஒரு விரலும் கீழே ஒரு விரலும் வைத்தாள்.

"ரெண்டு பேரு இருந்திருக்காங்க. ஒருத்தருக்கு நேரா வேணும், இன்னொருத்தருக்கு நேரா இருக்கக் கூடாது. சண்ட போட்டுக்கிட்ட மாதிரி இருக்கு. அந்த இன்னொருத்தர் யாரு பாட்டி?"

கோப்பையைக் கழுவிவிட்டு வருகிறேன் என்று பின்கட்டுக்குப் போய், குழாயைத் திறந்துவிட்டு நின்றேன்.

வானத்தைக் காட்டியவருக்குப் பிறகுதான் பன்றி வந்தது என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. நீங்கள் தினமும் அண்ணனுக்குச் சாப்பாடு கொண்டு மேலே ஏறுவீர்கள். அங்கிருந்து திரும்பிப் பார்த்தால் சரிவு முழுக்கத் தெரியும். மேலேயிருந்து அது எப்படித் தெரியும் என்று நம் மூன்று பேரில் உங்களுக்குத்தான் நன்றாகத் தெரிந்திருந்தது. வயிற்றுப்பிள்ளையோடு, நான் எழுவதற்கு முன்னால் போய், மண்வெட்டி பிடித்து, நிரையைக் கலைத்து, குழியை மூடி, கால் கழுவிவிட்டு வந்து பன்றி என்று சொல்லியிருக்கிறீர்கள். நான் ஒவ்வொரு தடவையும் போய் அண்ணனை மறுபடி காட்டிக்கொடுத்திருக்கிறேன். பிறகு புகை என்று நீங்களாகவே சொன்னீர்களே, அதுவும் தெரிந்தே சொன்னது. பொய் சொல்லத் தெரியாத வேதக்காரி என்றார் அம்மா. வாழ்நாள் முழுக்க இரண்டே பொய் சொல்லி, இரண்டையும் எனக்காகச் சொல்லிவிட்டுப் போயிருக்கிறீர்கள்.

உங்கள் மேல் கோபமும் வந்தது, மறைக்கவில்லை. ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் கயிற்றை அறுத்து ஓடையில் விட்டிருப்பேனே. ஒரு மனுஷன் உயிரைவிட என் அழுகையா பெரிது? அந்தக் கயிற்றைக் கொடுத்து என்னைப் பேச வைத்ததே நீங்கள்தான், அதைப் பிடுங்க உங்களுக்குக் கை வரவில்லை. அப்படித்தான் இருக்கும் என்று நான் நினைத்துக்கொள்கிறேன். கேட்டுத் தெரிந்துகொள்ள வழியில்லை. கோபம் அதற்கு மேல் நிற்கவில்லை.

மணி ஒன்றரை. ஸ்டேஷனுக்குப் போகிறேன். வந்து எழுதுகிறேன்.

ரயில் நாற்பது நிமிஷம் தாமதம். அந்த நாற்பது நிமிஷமும் இன்றைக்கு ரயில் வராமலே போகட்டும் என்று வேண்டிக்கொண்டேன். வந்தது. திரேசாவுக்குத் தலை பாதி நரைத்துவிட்டது, நடை அப்படியே உங்கள் நடை. வீட்டுக்கு வந்து தேத்தண்ணி கொடுத்து உட்கார வைத்தேன். வெயிலைப் பற்றிப் பேச வாய் வந்தது, அடக்கிக்கொண்டு எல்லாவற்றையும் சொன்னேன். கயிறு, கல், பன்றி, தொப்பிக்காரர், நேற்று காலையிலிருந்து என்ற வார்த்தை. ரேவதி விட்டுப்போன தாளையும் விரித்துக் காட்டினேன். தேத்தண்ணியில் ஆடை படிந்தது. அவள் தொடவில்லை.

"அம்மா எத்தன தடவ கலைச்சாங்க?" என்று கேட்டாள்.

"ஆறு தடவ."

"நீங்க?"

"ஆறு தடவையும் நேராக்கினேன்."

தாளையே பார்த்துக்கொண்டிருந்தாள். "பன்னெண்டு வயசுல நான் அம்மாவ அப்படிக் கேட்டப்ப நீங்க பக்கத்துலதான இருந்தீங்க அத்தை?"

"இருந்தேன். தேங்கா துருவிக்கிட்டு இருந்தேன்."

அவள் கத்துவாள் என்று எதிர்பார்த்தேன். கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். முகத்தைக் கையால் மூடிக்கொண்டு, "அம்மா" என்று ஒரே ஒரு தடவை சொன்னாள். அடக்கத்தில் அழாத அழுகையை என் வீட்டு நாற்காலியில் உட்கார்ந்து அழுதாள். தொடலாமா கூடாதா என்று தெரியாமல் நான் எதிரில் நின்றேன். தொடவில்லை.

பிறகு முகம் கழுவிக்கொண்டு வந்து, ரேவதியின் நம்பரை வாங்கிக்கொண்டாள். அடுத்த வாரம் அந்தக் கூட்டம் மறுபடி மலைக்குப் போகிறது, அவளும் கூடப் போகிறாளாம். நானும் வரட்டுமா என்று கேட்டேன். "ஒங்களால ஏற முடியாது" என்றாள். வாசலில் செருப்பைப் போட்டுக்கொண்டே, "அம்மா நட்டது எதுன்னு அங்க எப்படித் தெரியும்?" என்று கேட்டாள்.

"கோணலா இருக்கறதெல்லாம் அம்மா நட்டது."

"அப்ப நான் அத மட்டும் பாத்துட்டு வர்றேன் அத்தை."

சரி என்றேன். அத்தை என்று கூப்பிட்டாளே, அதுவே அதிகம். தெருமுனை திரும்பும் வரைக்கும் பார்த்துக்கொண்டு நின்றேன், அவள் திரும்பிப் பார்க்கவில்லை.

அவளிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டதாக எழுதினேன். எல்லாம் இல்லை. ஒன்றை மட்டும் சொல்ல முடியவில்லை, இத்தனை வருஷமாக வேறு எதையும்விட அதுதான் என் தொண்டையில் இருக்கிறது. அதை உங்களிடம் சொல்லாமல் இந்தக் கடிதத்தை முடிக்க முடியாது. அந்தத் தொப்பிக்காரர் ஒற்றைக் கண்ணை மூடிப் பார்த்துவிட்டு, நல்லா புடிச்சிருக்க பொண்ணு என்று சொன்னபோது, சிப்பாய்கள் இருந்தார்கள், துப்பாக்கி இருந்தது, மேலே அண்ணன் காய்ச்சலில் கிடந்தார். எல்லாம் எனக்குத் தெரிந்துதான் இருந்தது. இருந்தும் அப்பா போன பிறகு என் நிரையை ஒருவர் பாராட்டியது அன்றைக்குத்தான். அவரைப் பார்த்து நான் சிரித்தேன், அண்ணி.